கெண்டை அல்லாத கெண்டை

சைதாப்பேட்டை மார்க்கெட்டில் ஏரி மீன் விற்கும் பக்கம் போனால் ஒரே கூடையில் மூன்று வகை மீன் கிடப்பது சாதாரணக் காட்சி. பளபளவென்று செதில் போர்த்திய கெண்டை, மீசையும் வழவழப்பான தோலும் கொண்ட கெளுத்தி, முதுகு முள் விறைத்து நிற்கும் ஜிலேபி. இவற்றில் எந்த இரண்டு நெருங்கிய சொந்தம் என்று கேட்டால், அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரும் பையோடு நிற்பவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: கெண்டையும் ஜிலேபியும். இரண்டுக்கும் செதில் உண்டு, இரண்டையும் உரசித்தான் சுத்தம் செய்ய வேண்டும். போதாக்குறைக்கு ஜிலேபிக் கெண்டை என்று பெயரும் வைத்தாயிற்று. கெளுத்தி தனி ரகம். இந்தப் பதில் தவறு. கெண்டைக்கு நெருங்கிய சொந்தம் கெளுத்தி. ஜிலேபியின் கால்வழி இந்த இரண்டையும் விட்டுப் பிரிந்து இருபது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கெண்டை, கெளுத்தி இரண்டின் தலைக்குப் பின்னால், முதுகெலும்பின் முதல் சில கணுக்கள் உருமாறிச் சின்னஞ்சிறு எலும்புச் சங்கிலியாகி, காற்றுப்பையின் அதிர்வை உள்காதுக்குக் கடத்துகின்றன. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வெபர் 1820இல் விவரித்த எலும்புகள் இவை. ஜிலேபிக்கு அந்தச் சங்கிலி கிடையாது. இன்று இந்த மூன்றின் டி.என்.ஏ.வை எடுத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாலும் அதே முடிவுதான் வருகிறது.

கண்ணுக்கு நேரே தெரியும் செதில் ஏமாற்றுகிறது, கத்தி வைத்துத் தேடினால் மட்டும் கிடைக்கும் எலும்பு உண்மை சொல்கிறது. ஏன் என்பதற்கு மீன் நூல்களைவிட ஏட்டுச் சுவடிகள் நல்ல விளக்கம் தருகின்றன. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த பிரதிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. ஒரே மூலத்தைப் பார்த்துப் பலர் எழுதி, அந்தப் பிரதிகளைப் பார்த்து வேறு பலர் எழுதி, ஒவ்வொரு கையும் தன் பங்குக்கு ஒன்றிரண்டு பிழையைச் சேர்த்திருக்கும். இப்படிப் பத்துச் சுவடி இருந்தால், எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சரியான பாடம் இரண்டு சுவடியில் ஒன்றாக இருந்தால் அதிலிருந்து எதுவும் தெரியாது. மூலத்தில் இருந்ததை இரண்டும் விடாமல் காப்பாற்றியிருக்கின்றன, அவ்வளவுதான். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே அடி விடுபட்டிருந்தால், அந்த அடியை முதலில் விட்ட ஏடு ஒன்று இரண்டுக்கும் முன்னால் இருந்திருக்க வேண்டும். உறவைக் காட்டுவது பகிர்ந்துகொண்ட பிழை. செதில் என்பது எலும்பு மீன்களின் மூலபாடம். கெண்டையும் ஜிலேபியும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன, கெளுத்தியின் முன்னோர் தொலைத்துவிட்டார்கள். ஆகவே செதில் ஒற்றுமையால் உறவு நிரூபணமாகாது. வெபர் எலும்பு புதிதாக நுழைந்த திருத்தம். அது இரண்டில் மட்டும் இருக்கிறது என்பதால் அதற்குச் சாட்சி மதிப்பு உண்டு.

டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துள்ள ஏடு. மீனின் ஒவ்வொரு செல்லிலும், கருவுக்கு வெளியே மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பில் தனியாக ஒரு சின்னச் சுவடி இருக்கிறது. ஏறக்குறைய 16,500 எழுத்து, 37 மரபணு. கருவுக்குள் இருக்கும் பெரிய நூலகம் ஜிலேபி இனத்தில் சுமார் நூறு கோடி எழுத்து. முதலில் எல்லோரும் சின்னச் சுவடியைத்தான் படித்தார்கள். ஒரு செல்லில் அதற்கு நூற்றுக்கணக்கான பிரதிகள் இருக்கும் என்பதால், சாராயத்தில் ஊறிய பழைய மாதிரியிலிருந்தும் சில சமயம் எடுக்க முடியும். அதில் ஒரே ஒரு மரபணுவின் சுமார் 650 எழுத்தைப் படித்தாலே பெரும்பாலான மீன்களின் இனத்தை அடையாளம் காணலாம் என்று கனடாவின் பால் ஹெபர்ட் 2003இல் முன்வைத்த யோசனைதான் 'டி.என்.ஏ. பார்கோடு' என்று பெயர் பெற்றது. லக்னோவில் இருக்கும் தேசிய மீன் மரபணு வள நிறுவனம் இந்திய மீன்களுக்கு இந்த வேலையைச் செய்துவருகிறது. ஆனால் பார்கோடு என்பது பெயர்ப்பலகை மட்டுமே. கால்வழி வரைய வேண்டுமானால் கருவுக்குள் இருக்கும் மரபணுக்களில் பலவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மெதுவாக மாறும் எழுத்துகள் பழைய பிரிவுகளையும், வேகமாக மாறும் எழுத்துகள் நேற்றைய பிரிவுகளையும் காட்டும். இரண்டையும் குழப்பினால் வம்பு.

எழுத்தொப்பீடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜிலேபியின் தொண்டையே உதாரணம். வாயில் இருக்கும் தாடை போதாதென்று, தொண்டைக்குள் செவுளுக்குப் பின்னால் இதற்கு இன்னொரு தாடை உண்டு. கீழ்ப்பக்க எலும்புகள் இரண்டும் ஒட்டி முக்கோணமாகி, மேலே பொடிப் பற்கள் நிறைந்திருக்கும். முன் தாடை இரையைப் பிடிக்கும், பின் தாடை அரைக்கும். குழம்பில் போட்ட தலையை ருசித்துச் சாப்பிடுபவர்கள் நாக்கில் நெருடும் இந்த எலும்பைத் தட்டோரம் ஒதுக்கிவிடுவது வழக்கம். கடலில் இருக்கும் கிளி மீனுக்கும் இப்படியே ஒட்டிய தொண்டைத் தாடை இருக்கிறது. இவ்வளவு நுணுக்கமான பொறி இரண்டு தடவை தனித்தனியாக உருவாகியிருக்க முடியாது என்று எண்ணி, 1980களில் ஜிலேபி குடும்பத்தையும் கிளி மீன் வகையறாவையும் ஒரே பெருங்குழுவில் சேர்த்தார்கள். கத்தி வைத்துப் பார்த்த சான்றுதான், மேம்போக்கான செதில் விவகாரம் கிடையாது. அப்படியிருந்தும் அந்தக் குழு நிலைக்கவில்லை. கருவிலுள்ள பல மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுகள் கிளி மீனைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தன. ஜிலேபிக்குப் பக்கத்தில் வந்து நின்றவை மடவை, பறவைக் கோலா, முரல், குளத்தில் திரியும் முண்டக்கண்ணி. பார்வைக்கு இவற்றில் எதுவும் ஜிலேபி மாதிரி இருக்காது. ஆனால் இந்தக் கூட்டத்தில் பல மீன்களின் முட்டைகளில் ஒட்டிக்கொள்ளும் இழைகள் உண்டு. அந்த முட்டையை வைத்தே 2012இல் கூட்டத்துக்கு ஓவலென்டாரியா என்று பெயர் சூட்டினார்கள். தொண்டைத் தாடை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. இரண்டு எழுத்தர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே றகரத்தை ரகரமாக எழுதிவிடுவதில்லையா, அதே கதை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். எலும்பு ஏமாற்றும் என்றால் எழுத்து ஏமாற்றாதா? இருப்பதே நான்கு எழுத்து. ஒரே இடத்தில் ஒரே மாற்றம் தற்செயலாக வருவது சுவடியைவிட இங்கே சுலபமாயிற்றே. உண்மைதான், ஒவ்வொரு எழுத்தாக எடுத்தால் டி.என்.ஏ. எலும்பைவிடப் பலவீனமான சாட்சி. அதன் பலம் எண்ணிக்கையில் இருக்கிறது. தொண்டைத் தாடை ஒரே சாட்சி. அது பொய் சொன்னால் வழக்கு தோற்றது. எழுத்துகள் ஆயிரக்கணக்கான சாட்சிகள். அவற்றில் சில தற்செயலாக ஒத்துப்போகும், ஆனால் தற்செயல் எல்லாத் திசையிலும் சிதறும். உண்மையான கால்வழி மட்டும் திரும்பத் திரும்ப ஒரே திசையைக் காட்டும். தவிர, ஒரு மரபணு சொல்வதை அதோடு சம்பந்தமில்லாத இன்னொரு மரபணுவிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். எலும்பைப் பொறுத்தவரை அந்த வசதி குறைவு. ஒரே உணவுப் பழக்கம் தாடை, பல், மண்டை எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடும்.

ஜிலேபி நம் ஊர் மீனே கிடையாது. ஆப்பிரிக்காவின் தென்கிழக்கு ஆறுகளைச் சேர்ந்த மொசாம்பிக் திலேப்பியா 1952இல் இலங்கை வழியாக மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து ஏரி, குளம், கால்வாய் என்று பரவி, இன்று மறைமலையடிகள் பாலத்துக்குக் கீழே அடையாற்றில், வேறு மீன் பிழைக்கத் திணறும் கறுத்த தண்ணீரிலும் வாழ்கிறது. அதே ஆற்றின் முகத்துவாரத்திலும் முட்டுக்காட்டிலும் பழவேற்காட்டிலும் அதற்கு ஒரு பூர்வீக உறவினர் உண்டு: செத்தக்கெண்டை. மலையாளிகள் கரிமீன் என்று கொண்டாடி, 2010இல் மாநில மீனாகவே ஆக்கிக்கொண்டது இதைத்தான். (இதன் பெயரிலும் கெண்டை. கெண்டை என்ற சொல்லுக்கு நம் ஊரில் கணக்கே இல்லை.) வட்டமான தட்டை உடம்பு, பச்சை சாம்பல் நிறம், செதிலுக்குச் செதில் முத்துப் புள்ளி. பெர்லின் மருத்துவர் பிளாக் 1790இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, பவளத்திட்டுகளில் திரியும் வண்ணத்துப்பூச்சி மீன்களின் பேரினத்தில் சேர்த்தார். உடம்பின் வடிவத்தைப் பார்த்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 1830இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே தனிப் பேரினமாகப் பிரித்து எட்ரோப்ளஸ் என்றார். ஜிலேபி, செத்தக்கெண்டை இரண்டும் சிச்லிட் என்ற ஒரே குடும்பம். 1,600க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட அந்தக் குடும்பம் ஆப்பிரிக்காவிலும் தென், மத்திய அமெரிக்காவிலும் கொட்டிக் கிடக்கிறது. மடகாஸ்கரில் ஓரளவு உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் சேர்த்து மூன்றே மூன்று: செத்தக்கெண்டை, மலையாளத்தில் பள்ளத்தி எனப்படும் சிறு மஞ்சள் மீன், கர்நாடக ஆறுகளில் மட்டும் இருக்கும் கனரா இனம்.

ஒரே குடும்பம் என்றதும் இரண்டும் பக்கத்து வீட்டுப் பங்காளிகள் என்று தோன்றும். எழுத்து வேறு மாதிரி சொல்கிறது. சிச்லிட் குடும்ப மரத்தில் அடியிலேயே ஒரு பெரும் கவை இருக்கிறது. ஒரு கிளையில் நம் மூன்று மீன்களும் மடகாஸ்கரின் பாரெட்ரோப்ளஸ் என்ற பேரினமும் மட்டும். மறு கிளையில் மடகாஸ்கரின் மற்ற சிச்லிட்கள், ஆப்பிரிக்க சிச்லிட்கள் அத்தனையும், அமெரிக்க சிச்லிட்கள் அத்தனையும். அதாவது அடையாற்று ஜிலேபிக்கு, அதே ஆற்றின் முகத்துவாரத்தில் வாழும் செத்தக்கெண்டையைவிட, கொளத்தூர் வண்ணமீன் கடைத் தொட்டியில் முழித்துக்கொண்டிருக்கும் அமேசான் ஆஸ்கார் மீன் நெருங்கிய சொந்தம். செத்தக்கெண்டையின் உடன்பிறப்போ கடலுக்கு அப்பால், இங்கிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவைப் படித்தவர்களும் கரு மரபணுக்களைப் படித்தவர்களும் இந்த அமைப்பில் ஒத்துப்போகிறார்கள். உடற்கூறும் குறுக்கே நிற்கவில்லை.

நன்னீரிலும் கழிமுகத்திலும் வாழும் மீன் ஒன்றின் உடன்பிறப்பு மடகாஸ்கரில் எப்படி? பள்ளிப் பாடத்தில் கோண்ட்வானாவைப் படித்தவர்களுக்குப் பதில் நாக்கு நுனியில் இருக்கும். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்த நிலம். சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. மீன் எங்கும் போகவில்லை, நிலம்தான் மீனைச் சுமந்துகொண்டு வடக்கே வந்தது. இந்த விளக்கத்துக்குத் துணைச் சாட்சிகளும் பலமாக இருக்கின்றன. முன்பு சொன்ன முண்டக்கண்ணி, தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னும் அந்தப் பொடி மீன், அதற்கும் நெருங்கிய உறவு மடகாஸ்கரிலும் செஷல்ஸிலும் இருக்கும் பாக்கிபான்சாக்ஸ். மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்கடியில் வாழ்ந்து மழைக்கு மட்டும் வெளியே வரும் ஊதாத் தவளையை 2003இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியபோது, அதன் உறவு செஷல்ஸ் தீவுத் தவளைகளோடு என்று தெரிந்தது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று பிராணிகள் ஒரே வரைபடத்தைக் காட்டுகின்றன. தற்செயல் என்று தள்ளுவதற்கு மனம் வராது. 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிச்லிட்களின் மைட்டோகாண்ட்ரியாச் சுவடியை முழுதாகப் படித்து, பிரிவுக் காலங்கள் கோண்ட்வானா உடைந்த காலத்தோடு பொருந்துகின்றன என்று எழுதினார்கள்.

அத்தோடு முடிந்திருந்தால் அழகான கதை. அழகாக இருப்பதாலேயே அதைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. எழுத்தொப்பீடு இரண்டு விஷயம் சொல்கிறது: எது முதலில் பிரிந்தது, எப்போது பிரிந்தது. இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு ஏற்பது தவறு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். வரிசை முறையைச் சுவடிகளே காட்டிவிடும். காலத்தை அவற்றால் தனியாகக் காட்ட முடியாது. இரண்டு பிரதிகளுக்கு இடையே நூறு பிழை இருக்கிறது என்றால், எத்தனை வருட இடைவெளி? எழுத்தர் நிதானமானவரா, அவசரக்காரரா என்று தெரிந்தால்தான் சொல்லலாம். எழுத்து மாறும் வேகம் ஏறத்தாழ நிலையானது என்ற 'மூலக்கூறு கடிகாரம்' யோசனையை 1960களில் சுக்கர்காண்டலும் பாலிங்கும் முன்வைத்தார்கள். பிற்பாடு பார்த்தால் அந்தக் கடிகாரம் இனத்துக்கு இனம், மரபணுவுக்கு மரபணு வேறு வேகத்தில் ஓடுகிறது. மைட்டோகாண்ட்ரியா போல வேகமாக மாறும் சுவடியில் இன்னொரு தொல்லை. ஒரே இடம் இரண்டு மூன்று தடவை மாறிப் பழைய தடம் அழிந்துவிடும், பிழைத் திருத்தத்தின் மேல் பிழைத் திருத்தம் எழுதிய ஏடு போல. அதைச் சரியாக ஈடுகட்டாவிட்டால் காலக்கணக்கு தடம் புரளும்.

சுவடியின் கடைசி ஏட்டில் சில எழுத்தர்கள் ஆண்டு, மாதம், நாள் குறித்துவிட்டுப் போவார்கள். அது ஒன்று கிடைத்துவிட்டால் மற்றவற்றை ஓரளவு கணிக்கலாம். மீன்களுக்கு அந்தக் குறிப்பைத் தருவது பாறைக்குள் கிடக்கும் தொல்லெச்சம். சந்தேகமில்லாத மிகப் பழைய சிச்லிட் எச்சங்களில் ஒரு தொகுதி தான்சானியாவின் மகெங்கே என்ற இடத்தில் கிடைத்தது, வயது சுமார் 4.6 கோடி ஆண்டு. கோண்ட்வானாக் கதை முழுவதும் சரி என்றால் இந்தக் குடும்பத்தின் முதல் கவை சுமார் 13.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே விழுந்திருக்க வேண்டும். இடையில் ஒன்பது கோடி ஆண்டு வெறுமை. இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. சில ஆய்வுகளில், கண்டங்கள் பிரிந்த தேதியையே கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் பயன்படுத்திவிட்டார்கள். கண்டம் பிரிந்தபோது மீன் பிரிந்தது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், மீன் பிரிந்த காலம் கண்டம் பிரிந்த காலத்தோடு பொருந்தத்தானே செய்யும்! சாட்சியே தீர்ப்பையும் எழுதிக்கொண்ட மாதிரி. 2013இல் மேட் ஃப்ரீட்மனும் குழுவினரும் அந்தச் சாவியைத் தொடாமல், குடும்பத்துக்கு வெளியே உள்ள மீன்களின் தொல்லெச்சங்களையும் பத்துக் கரு மரபணுக்களையும் வைத்துக் கணக்கிட்டார்கள். முதல் கவை விழுந்தது 6.5 கோடிக்கும் 5.7 கோடிக்கும் இடையில் என்று வந்தது. அப்போது இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து இரண்டு கோடி ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. வரிசைமுறை அப்படியே இருக்க, தேதி மட்டும் பாதியாகக் குறைந்தது. தேதி மாறினால் கதையும் மாறுகிறது: நிலம் சுமந்துவரவில்லை, மீன் கடலைத் தாண்டியது.

நன்னீர் மீன் கடல் தாண்டுமா என்று கேட்பவர்கள் செத்தக்கெண்டையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அது வாழும் இடமே உப்பும் நன்னீரும் மாறி மாறி வரும் கழிமுகம். பட்டினப்பாக்கத்தில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, மழையில் உடைத்துக்கொண்டு, மறுபடி அடைபடும்போது அங்கே இருக்கும் மீன் சில நாளில் நன்னீரிலிருந்து கடல்நீர் வரை பார்த்துவிடும். மொசாம்பிக் திலேப்பியாவையும் முழுக் கடல்நீரில் பழக்கலாம். உப்பைத் தாங்கும் உடல்வாகு குடும்பத்தின் பல கிளைகளில் பரவிக் கிடப்பதால் மூதாதைக்கும் அது இருந்திருக்கலாம். சரி, அவ்வளவு சுலபமாகத் தாண்டும் என்றால் பர்மாவிலும் மலேயாவிலும் பூர்வீகச் சிச்லிட் ஏன் இல்லை என்று மறுதரப்பு கேட்கிறது. நல்ல கேள்வி, இதைக் கடந்துபோகக் கூடாது. தாண்டுவது அபூர்வமாக நடப்பது, நடந்தாலும் போன இடத்தில் ஏற்கனவே இடம் பிடித்திருப்பவர்களோடு போராடிக் குடியேற வேண்டும் என்பது ஒரு பதில். பாதிப் பதில்தான். ஆனால் மறுதரப்பின் கேள்வி அவர்கள் பக்கமும் திரும்பும்: நிலத்தோடு வந்து ஒன்பது கோடி ஆண்டு இங்கேயே இருந்தார்கள் என்றால் இந்தியாவில் ஏன் மூன்றே இனம்? விக்டோரியா ஏரியில் பதினைந்தாயிரம் ஆண்டுக்குள் சுமார் ஐந்நூறு இனமாகப் பல்கிய குடும்பம் இது.

மூன்று பிராணிகள் ஒரே வரைபடத்தைக் காட்டுகின்றன என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரே தடம் என்பதால் ஒரே காலம் என்று ஆகாது. சைதாப்பேட்டையிலிருந்து கோயம்பேட்டுக்கு ஒரே சாலையில் போன இருவர் ஒரே நாளில்தான் போயிருக்க வேண்டுமா? ஊதாத் தவளை நிலத்தோடு வந்ததாகவே இருக்கலாம். உப்புநீர் தவளைத் தோலுக்குப் பகை, அதன் பிரிவு மிகப் பழையது என்ற கணக்கும் அதற்கு ஒத்து நிற்கிறது. அதே தடத்தில் செத்தக்கெண்டையின் முன்னோர் பல கோடி ஆண்டு கழித்து, இந்தியா இன்னும் நடுக்கடலில் தீவாக மிதந்துகொண்டிருந்தபோது, இடையிலிருந்த தீவுகளின் கரையோரம் தொட்டுத் தொட்டு வந்திருக்கலாம். இன்று கடலுக்கடியில் கிடக்கும் மேடுகள் சில அன்று நீருக்கு மேல் இருந்தன. ஒவ்வொரு பிராணிக்கும் அதன் தேதியைத் தனியாக விசாரிக்க வேண்டும். அட்லான்டிக்கின் இரு கரையில் இருக்கும் ஆப்பிரிக்க, அமெரிக்கச் சிச்லிட்களைப் பொறுத்தவரை, 2017இல் தொல்லெச்சங்களை வைத்து நடந்த விரிவான காலக்கணிப்பும் கடல் தாண்டல் பக்கமே சாய்ந்தது. அந்தக் கடலில் வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். இந்தியா, மடகாஸ்கர் வழக்கு அவ்வளவு சுத்தமாக முடியவில்லை. இருக்கும் சான்றை எடைபோட்டால் கடல்வழிப் பக்கம் தட்டு சற்றே தாழ்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு ஆட்சேபம் ஆய்வுக்கூடத்துக்குள்ளிருந்தே வருகிறது. மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாக மட்டும் இறங்குவது. அப்பன் பக்கக் கதை அதில் ஒரு வரிகூட இருக்காது. நம் நீர்நிலைகளில் இப்போது பழைய மொசாம்பிக் திலேப்பியாவோடு, வளர்ப்புப் பண்ணைகளுக்காக வந்த நைல் திலேப்பியாவும் இருக்கிறது. இரண்டும் கலந்து இனப்பெருக்கம் செய்யும். தாய் நைலாக இருந்தால் அந்தக் கலப்பு மீனின் பார்கோடு கூசாமல் நைல் என்று சொல்லும். ஆப்பிரிக்காவிலேயே இந்தக் கலப்பு பெரிய பிரச்சினை. நமக்குத் தொல்லையாகப் பெருகிக் கிடக்கும் மொசாம்பிக் திலேப்பியா தன் சொந்த ஆறுகளில் நைல் இரத்தம் கலந்து கலந்து அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் எச்சரிக்கிறது. விக்டோரியா ஏரியில் இதற்கு நேர் எதிரான சிக்கல்: பல்லும் நிறமும் நடத்தையும் வேறு வேறான ஐந்நூறு இனங்களுக்கு நடுவே 650 எழுத்தில் வித்தியாசமே தெரியாது, பிரிந்து அவ்வளவு குறைந்த காலம். சின்னச் சுவடியை மட்டும் நம்பி மரம் வரைந்தால் தவறு நேரும் என்பதற்கு இவை போதும். ஆட்சேபம் சரியானது. ஆனால் அது தாக்குவது ஒற்றைச் சுவடியை நம்பும் சோம்பலை. 2014இல் நைல் திலேப்பியா உட்பட ஐந்து ஆப்பிரிக்கச் சிச்லிட்களின் முழு மரபணுத் தொகுதியும் வெளியான பிறகு, நூலகம் முழுவதையும் படிக்காமல் இருப்பதற்குச் சாக்கு குறைந்துவிட்டது.

இதெல்லாம் மீன் வாங்குபவருக்கு எதற்கு என்று கேட்கலாம். நேரடிப் பயன் ஒன்றிருக்கிறது, சின்னது என்றாலும் சொல்லத் தக்கது. அடையாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே, சாந்தோம் நெடுஞ்சாலையில் 1987இல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இருக்கிறது. செத்தக்கெண்டைக் குஞ்சு உற்பத்தி அவர்கள் வேலைகளில் ஒன்று. ஜிலேபியும் செத்தக்கெண்டையும் ஒரே குடும்பம்தானே, ஒன்றுக்குத் தெரிந்த வளர்ப்பு முறை மற்றதற்கும் ஆகும் என்று எவராவது நினைத்தால், குடும்பத்தின் அடிக்கவையிலேயே பிரிந்த இரண்டு கிளைகள் அவை என்பதை மரம் நினைவூட்டும். மொசாம்பிக் திலேப்பியா முட்டையை வாயில் வைத்து அடைகாக்கிறது, தாய் தனியாக. வாய் நிறைய முட்டையோடு எந்தத் தண்ணீருக்கும் போய்விடலாம் என்பது அது இவ்வளவு பரவியதற்கு ஒரு காரணம். செத்தக்கெண்டை நீருக்கடியில் குச்சி, கல் என்று ஏதாவது ஒன்றைச் சுத்தம் செய்து முட்டையை ஒட்டவைத்து, தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் இருக்கும். சேறும் நெகிழிப் பையும் மூடிய அடியில் ஒட்டவைக்க இடம் எங்கே? சைதாப்பேட்டைப் பாலத்தடியில் ஒன்று பெருகி மற்றது முகத்துவாரத்தின் ஓரத்துக்குச் சுருங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு அதை விளக்க முடியாது.

தேதி வழக்கு எப்படி முடியும் என்பதைத் தீர்மானிக்க இனி எழுத்து மட்டும் போதாது. இன்னும் பத்தாயிரம் மரபணு படித்தாலும் கடிகாரத்துக்குச் சாவி வெளியிலிருந்துதான் வர வேண்டும். தமிழ்நாட்டில் புகழ்பெற்ற அரியலூர்ப் பாறைகள் சர்ச்சைக்குரிய அந்தப் பழங்காலத்தவைதான் என்றாலும் கடல் படிவுகள், அம்மோனைட் சுருள்களுக்குப் பேர்போனவை, நன்னீர் மீன் தேட ஏற்ற இடம் அல்ல. தக்காணத்தில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்தபோது, ஒரு வழிதலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலத்தில் குளங்கள் இருந்தன. அந்தக் குளத்துச் சேறு இன்று நாக்பூர்ப் பக்கம் மெல்லிய பாறை அடுக்காகக் கிடக்கிறது, மீன் பல்லும் செதிலும் அதில் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. அதிலிருந்து விரல் நகம் அளவுக்கு ஒரு முக்கோண எலும்பு, மேலே பொடிப் பல் நிறைந்தது, ஐயமில்லாமல் எட்ரோப்ளஸ் கிளையினுடையது என்று அடையாளம் காணும்படி கிடைத்துவிட்டால், 2013இல் போட்ட கணக்கைத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.